ஏர் ஆம்புலன்ஸ் பில்லை யார் கட்டுவாங்க? வெளிநாடு கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

டிராவல் இன்சூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல பேசினப்போ நேரம் பத்தாம விட்ட ஒரு விஷயத்தை இங்கே விரிவா எழுதறேன்.

முதல்ல ஒரு கற்பனைக் கணக்கு. சிங்கப்பூர்ல வேலை பாக்கிற உங்க தம்பிக்கு திடீர்னு பக்கவாதம். ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனா எழுந்து உட்கார முடியலை. இன்னும் சில மாசமாவது பக்கத்துல ஆள் வேணும். அம்மா காரைக்குடியிலிருந்து போன்ல சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "எப்படியாவது ஊருக்குக் கூட்டிட்டு வந்துருப்பா."

அந்த 'எப்படியாவது'க்கு எவ்வளவு ஆகும்? யார் கொடுப்பாங்க?

"அதான் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே"ன்னுதான் நிறைய பேர் சொல்வாங்க. கம்பெனி இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லுக்கு. வைத்தியம் பாக்கிற செலவு ஒண்ணு, நோயாளியை எல்லை தாண்டி ஊருக்குக் கொண்டு வர்ற செலவு இன்னொண்ணு. ரெண்டும் தனித்தனி. ரெண்டாவதுக்கு யாரும் தானா வந்து பணம் கட்டப் போறதில்லை.

செட்டிநாட்டுக்குக் கடல் தாண்டிப் போறது புதுசா என்ன? ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்புன்னு கடை வெச்ச ஊர் இது. 1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தப்போ, கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியா நடந்தே திரும்பினாங்க. நோயிலயும் பசியிலயும் வழியிலேயே இறந்தவங்க ஏராளம். இன்னிக்குக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ துபாய்லயோ இருக்காங்க. போறது ரொம்ப சுலபம். திருச்சியில ஏறினா நாலு மணி நேரத்துல சிங்கப்பூர். படுத்த படுக்கையா திரும்பி வர்றதுதான் இன்னும் கஷ்டம்.

## எம்.ஜி.ஆர். பறந்த விமானம்

தமிழ்நாட்டுல இந்த விஷயத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் எம்.ஜி.ஆர். 1984 அக்டோபர்ல முதலமைச்சரா இருக்கும்போதே சென்னை அப்பல்லோவுல சேர்த்தாங்க. சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் சேர்ந்துக்கிச்சு. நவம்பர் ஆரம்பத்துல, மருத்துவ வசதிகள் பொருத்தின ஏர் இந்தியா விமானத்துல நியூயார்க் புரூக்ளின்ல இருக்கிற டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. டிசம்பர்ல மாற்றுச் சிறுநீரகம் வெச்சாங்க. அங்கே படுக்கையில இருந்தபடியே ஆண்டிபட்டியில ஜெயிச்சு, 1985 பிப்ரவரியில திரும்பி வந்தார்.

முழு விமானமே ஆஸ்பத்திரியா மாறிப் போச்சு. பெரிய பதவியில இருந்தா அது நடக்கும். ஏர் ஆம்புலன்ஸ்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் அதுதான். ஆனா மாசச் சம்பளக்காரங்க வீட்டுக்கு அந்தப் படம் கொஞ்சம் ஆபத்தானது. ஏன்னா, ஊருக்குத் திரும்ப வேண்டிய பெரும்பாலான நோயாளிகளுக்குத் தனி விமானம் தேவையே இல்லை.

## மூணு வழி, மூணு விலை

முதல் வழி: சாதாரண விமானம், சாதாரண சீட், பக்கத்து சீட்டுல ஒரு டாக்டரோ நர்ஸோ. நோயாளியால உட்கார முடியணும், நிலைமை ஸ்டெடியா இருக்கணும். தேவைப்பட்டா ஆக்சிஜனுக்கு ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு பண்ணணும். நம்ம சிலிண்டரை நாமே தூக்கிட்டுப் போய் ஏற முடியாது. டிக்கெட், கூட வர்றவங்க ஃபீஸ், ரெண்டு பக்கமும் ஆம்புலன்ஸ் சேர்த்தாலும் மூணு வழியில இதுதான் ரொம்பக் குறைச்சல்.

ரெண்டாவது வழி ஸ்ட்ரெச்சர். அதே பயணிகள் விமானம்தான். பின்பக்கம் ஆறோ அதுக்கு மேலயோ சீட்டை மடக்கி, அதுக்கு மேல படுக்கையைப் பொருத்தி, திரை போட்டுடுவாங்க. மடக்கின சீட் அத்தனைக்கும் நீங்கதான் காசு கட்டணும், கூட வர்ற டாக்டர் டிக்கெட் தனி. செலவு லட்சங்கள்ல போகும். இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கு. திருச்சி, மதுரைக்கு நேரா வர்ற விமானங்கள்ல பெரும்பாலானது குறைந்த கட்டண விமானங்கள். அந்த மாதிரி ஏர்லைன்ஸ் பெரும்பாலும் ஸ்ட்ரெச்சர் ஏத்துறதில்லை. அதனால சென்னைக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து காரைக்குடிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல ரோட்டுல ஆம்புலன்ஸ்ல வர வேண்டியிருக்கும். அந்தச் செலவையும், அந்த ஏழெட்டு மணி நேரத்தையும் யாரும் முதல்ல கணக்குல சேர்க்கிறதில்லை. சென்னையிலயே ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, தேறினப்புறம் ஊருக்குக் கூட்டிட்டு வர்றது பல நேரம் புத்திசாலித்தனம்.

(செட்டிநாட்டுல இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. காரைக்குடிக்குக் கல்லூரிகளைக் கொடுத்த அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ்னு சொந்தமா விமானக் கம்பெனியே நடத்தினவர். அந்த ஊருக்கு இன்னிக்குப் பக்கத்து ஏர்போர்ட் திருச்சியும் மதுரையும்தான், எதுக்குப் போனாலும் சுமார் 90 கிலோமீட்டர்.)

மூணாவது, அசல் ஏர் ஆம்புலன்ஸ். சின்ன ஜெட். வென்டிலேட்டர், மானிட்டர், ரெண்டு பைலட், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் அல்லது பாராமெடிக். சிங்கப்பூர்லேர்ந்து தமிழ்நாட்டுக்குன்னா பேச்சே இருபது, முப்பது லட்சம்னுதான் ஆரம்பிக்கும். ஏன் இவ்வளவு? போகும்போது காலியாப் போனாலும், வரும்போது நோயாளியோட வந்தாலும் ரெண்டு பக்கமும் எரிபொருள் செலவு உங்களுக்குத்தான். லேண்டிங், பார்க்கிங், வான்வழி அனுமதின்னு நாடு நாடா கட்டணம் வேற. அமெரிக்காவுலேர்ந்துன்னா நடுவுல இறங்கி எரிபொருள் நிரப்பணும், பைலட் ஓய்வு விதி இருக்கிறதால கூடுதல் ஆள் வேணும், பில் கோடியைத் தாண்டிடும்.

இருபத்தஞ்சு லட்சம்னு வெச்சுக்குவோம். மாசம் 45,000 சம்பளம் வாங்குறவர் ஆறு மாசச் சம்பளத்தை எமர்ஜென்சி ஃபண்டா வெச்சிருந்தாலும் அது 2,70,000 தான். பத்துல ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். மீதிக்கு வீட்டு நகை. 25 லட்சத்தையும் நகைக் கடனா வாங்கினா, வருஷம் 10 சதவீதம்னு வெச்சாக்கூட வட்டி மட்டும் மாசம் சுமார் 20,800 ரூபாய், அசல் அப்படியே நிக்கும். நடக்கிற வாய்ப்பு குறைவு, ஆனா நடந்தா குடும்பமே சாயும். இந்த மாதிரி ரிஸ்க்குக்குச் சேமிப்பு சரிப்படாது, இன்சூரன்ஸ்தான் சரி. எஸ்ஐபி போட்டு இதுக்குத் தயாராக முடியாது.

அவசரப்படுறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல நிக்கிற மாதிரி இருக்கும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி, அதை நினைச்சுக்குங்க. நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஆக்சிஜன் குறையும், உடம்புக்குள்ள சிக்கியிருக்கிற காத்து 30 சதவீதத்துக்கு மேலகூட விரியும். நுரையீரல் கிழிஞ்சு காத்து தேங்கியிருக்கிறவங்க, மண்டை ஓட்டுலயோ வயித்துலயோ புதுசா ஆபரேஷன் ஆனவங்க சில நாள், சில வாரம் காத்திருக்கணும்னு டாக்டர்கள் சொல்றது இதனாலதான். ஏர் ஆம்புலன்ஸ்ல தாழ்வாப் பறந்து கேபின் அழுத்தத்தைத் தரைக்குச் சமமா வெச்சுக்க முடியும். எரிபொருள் கூடும், பில்லும் கூடும். ரெண்டு வாரம் பொறுத்தா அதே நோயாளி முதல் வழியில வர வாய்ப்பிருக்கு. இருபது லட்ச வித்தியாசம் சில நேரம் அந்த ரெண்டு வாரத்துலதான் இருக்கு.

அம்மாகிட்ட இதைச் சொல்றது கஷ்டம்தான். ஆனா சொல்லணும்.

## யார் கட்டுவாங்கன்னு நாட்டுக்கு நாடு பாத்தா

சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ்ல இருக்கிறவங்களுக்கு முதலாளி மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். 2023 ஜூலை 1-லேர்ந்து குறைந்தபட்ச வரம்பு வருஷத்துக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியா உயர்ந்தது. 15,000-க்கு மேல போற தொகையில கால் பங்கு முதலாளி, முக்கால் பங்கு இன்சூரன்ஸ் கம்பெனி. நல்ல விதி. ஆனா இது ஆஸ்பத்திரிச் செலவுக்கான விதி. ஊருக்கு அனுப்புற பொறுப்பும் ஒர்க் பெர்மிட்காரங்க விஷயத்துல முதலாளியுடையதுதான், சொந்த ஊருக்கு வசதியான சர்வதேச விமான நிலையம் வரைக்கும் டிக்கெட். அதாவது திருச்சி ஆளை டெல்லியில இறக்கி விட்டுட்டுக் கணக்கை முடிக்க முடியாது. ஆனா ஒரு டிக்கெட்டுக்கும் ஒரு ஏர் ஆம்புலன்ஸுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்பப் பெருசு. முதலாளியோட பாலிசியில எவாக்குவேஷன், ரீபேட்ரியேஷன்னு தனிப் பிரிவு இருக்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இங்கேதான் நம்ம ஐடி நண்பர்கள் கவனிக்கணும். எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல போறவங்களுக்கு இந்தக் கட்டாய இன்சூரன்ஸ் விதியே பொருந்தாது. சம்பளம் கூட, ஆனா சட்டப் பாதுகாப்பு இந்த ஒரு விஷயத்துல கம்மி. கம்பெனி கொடுக்கிற பாலிசி எதுவோ அதுதான். ஆஃபர் லெட்டர்ல சிடிசியை நாலு தடவை படிக்கிற நாம, மெடிக்கல் பெனிஃபிட் பக்கத்தை ஒரு தடவையாவது படிக்கலாம்ல?

வளைகுடா, மலேசியா கதை வேற. பத்தாம் வகுப்பு முடிக்காம, இசிஆர் பாஸ்போர்ட்ல இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம். உடல்நிலை காரணமா வேலை செய்ய முடியாம திரும்பினா எகானமி டிக்கெட் செலவு. கொடுக்கிற காசுக்கு இது பிரமாதம். ஆனா அந்தக் கடைசி வரியை மறுபடி படிங்க: எகானமி டிக்கெட். ஸ்ட்ரெச்சர் இல்லை. சிங்கப்பூர் இசிஆர் நாடுகள் பட்டியல்லயே இல்லை. இதைப் படிக்கிற நீங்க டிகிரி முடிச்சவர்னா, உங்க பாஸ்போர்ட் இசிஆர் இல்லாத ரகம், இந்தக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

எதுவுமே இல்லாதவங்களுக்கு இந்தியத் தூதரகங்கள்ல இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு 2009-லேர்ந்து இருக்கு. தூதரகச் சேவைகளுக்கு வாங்குற கட்டணத்தோட சேர்த்து வாங்குற சின்னத் தொகையில ஓடுற நிதி. அவசர சிகிச்சை, திரும்பி வர டிக்கெட், உடலை ஊருக்கு அனுப்புறது இதுக்கெல்லாம் உதவுவாங்க. வசதியில்லாதவங்களுக்கு, நிலைமையைப் பாத்து, தூதரகம் முடிவெடுத்துக் கொடுக்கிறது. தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலத்துறையும் இந்த மாதிரி நேரத்துல தூதரகத்தோட பேசி உதவுது. அயலகத் தமிழர் நல வாரியத்துல கிளம்புறதுக்கு முன்னாடியே பதிஞ்சு வெச்சுக்குங்க. ஆனா இதையெல்லாம் நம்பி இன்சூரன்ஸ் எடுக்காம போறது, ஊர்க்காரங்க வந்து அணைப்பாங்கன்னு அடுப்பை எரிய விட்டுட்டுத் தூங்கப் போற மாதிரி.

## பாலிசியில பாக்க வேண்டிய சில வார்த்தைகள்

ஒரு வாரம் பாலியோ பாங்காக்கோ போறவங்களுக்கு டிராவல் இன்சூரன்ஸ் சில நூறு ரூபாய்தான். டிக்கெட் புக் பண்ணும்போதே ஒரு டிக் அடிச்சு வாங்கிடறோம். 50,000 டாலர், 1 லட்சம் டாலர்னு பெருசாப் போட்டிருக்கும். அதுல மெடிக்கல் எவாக்குவேஷனும் அடங்குதா, அதுக்குத் தனி வரம்பு வெச்சிருக்காங்களான்னு அடுத்த பக்கத்துலதான் இருக்கும்.

எவாக்குவேஷன் பிரிவுல 'மருத்துவ ரீதியா அவசியம்'னு ஒரு சொல் வரும். அவசியமா இல்லையான்னு முடிவு பண்றது நீங்களோ, உங்க டாக்டர் மட்டுமோ கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி அமர்த்தியிருக்கிற அசிஸ்டன்ஸ் நிறுவனத்தோட டாக்டரும் ஒத்துக்கணும். அடுத்தது 'அருகில் உள்ள தகுந்த மருத்துவமனை'. எவாக்குவேஷன்னா ஊருக்குக் கொண்டு வர்றதுன்னு நாம நினைக்கிறோம். பாலிசி அப்படிச் சொல்றதில்லை. வியட்நாம்ல ஒரு சின்ன ஊர்ல விபத்துன்னா, பெரிய வசதி உள்ள பக்கத்து நகரத்துக்கோ பாங்காக்குக்கோ கொண்டு போறதுதான் எவாக்குவேஷன். அங்கே நல்ல வைத்தியம் கிடைச்சா, "எங்களுக்கு ஊர்லதான் வசதி"ங்கிறது காரணமாகாது. ஊருக்குத் திரும்புறது ரீபேட்ரியேஷன், அது தனிப் பிரிவு. சில பாலிசியில 'ரீபேட்ரியேஷன்'னு போட்டு, உள்ளே படிச்சா இறந்தவர் உடலைக் கொண்டு வர்றதுக்கு மட்டும்னு இருக்கும். நோயாளியைத் திருப்பிக் கொண்டு வர்றதும் அதுல இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, க்ளைம் அடிபடறது இங்கேதான் அதிகம்: முதல்ல அசிஸ்டன்ஸ் நம்பருக்குப் பேசணும், அவங்கதான் விமானத்தை ஏற்பாடு பண்ணணும். பதட்டத்துல நீங்களே கூகுள்ல தேடி ஒரு ஏர் ஆம்புலன்ஸ் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு அப்புறம் பில் அனுப்பினா, 'முன் அனுமதி இல்லை'ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்ப அவங்களுக்கு உரிமை இருக்கு.

அப்புறம் பைக். தாய்லாந்து, பாலி போன உடனே நம்ம பசங்க முதல்ல செய்றது ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறதுதான். அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தாலோ, குடிச்சிருந்தாலோ, இன்சூரன்ஸ் கைவிரிச்சுடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம்ம ஆர்டிஓ ஆபீஸ்லயே வாங்கலாம், ஒரு வருஷம் செல்லும். காரைக்குடிப் பக்கம் ஓட்டுற தைரியத்துல அங்கே ஓட்டாதீங்க.

உங்களைவிட உங்க அப்பா அம்மாவுக்குத்தான் இந்தப் பிரச்சினை பெருசு. அக்கா பிரசவத்துக்கு நியூஜெர்சிக்கு ஆறு மாசம் போறாங்க. வயசு அறுபத்தஞ்சு, சுகர், பிரஷர், ஒரு ஸ்டென்ட். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு பெரும்பாலான டிராவல் பாலிசி முழுசாக் கொடுக்காது. சிலது உயிருக்கு ஆபத்தான கட்டத்துல மட்டும், ஒரு சின்ன வரம்புக்குள்ள கொடுக்கும். அதுக்காக சுகரை மறைச்சு பாலிசி எடுத்தா, க்ளைம் வரும்போது பழைய மருந்துச் சீட்டே உங்களுக்கு எதிரா நிக்கும். உண்மையை எழுதி, கூடுதல் ப்ரீமியம் கட்டி, முன்னாடியே இருக்கிற நோய்க்கும் கவரேஜ் உள்ள பாலிசியா எடுங்க. மலிவுல ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

## திருச்சியில இறங்கினப்புறம்

விமானம் இறங்கினதும் வெளிநாட்டுப் பாலிசி வேலை பெரும்பாலும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் மதுரையிலயோ திருச்சியிலயோ மாசக்கணக்குல பிசியோதெரபி, ஒருவேளை இன்னொரு ஆபரேஷன். அதுக்கு இந்தியாவுல ஒரு மெடிக்ளைம் வேணும். வெளிநாட்டு வேலை கிடைச்சதும் "இங்கே நான் இருக்கப் போறதில்லையே"ன்னு இந்தியப் பாலிசியைப் புதுப்பிக்காம விடுறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு விடாதீங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 36 மாசம்னு 2024-ல ஐஆர்டிஏஐ குறைச்சிருக்கு. ஆனா பாலிசி காலாவதி ஆனா அந்த மீட்டர் மறுபடி சைபர்லேர்ந்து ஓடும். அதுவும் பக்கவாதம் வந்து திரும்பினவருக்குப் புதுப் பாலிசி கிடைக்கிறதே பெரும்பாடு.

உங்க இந்திய மெடிக்ளைம்ல 'ஏர் ஆம்புலன்ஸ் உண்டு'ன்னு விளம்பரத்துல பாத்திருப்பீங்க. அது பொதுவா இந்தியாவுக்குள்ள மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரைக்கும். சிங்கப்பூருக்கு வராது.

சுவிட்சர்லாந்துல ரேகான்னு ஒரு மீட்பு அமைப்பு 1952-லேர்ந்து இருக்கு. அரசு நிதியில இல்லை, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வருஷா வருஷம் சின்னத் தொகை கட்டி நடத்துறாங்க. வெளிநாட்டுல படுத்துட்டா, அவங்க டாக்டர் தேவைன்னு சொன்னா, சொந்த ஜெட்ல போய்க் கூட்டிட்டு வர்றாங்க. செட்டிநாட்டுக்காரங்களுக்கு இந்த யோசனை அந்நியமே இல்லை. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி, அதுல நகரக் கோயில் நடக்குது. லட்சக்கணக்குல பேர் வெளிநாட்டுல வேலை பாக்கிற தமிழ்நாட்டுல, இந்த ஒரு விஷயத்துக்குப் புள்ளி வரி மாதிரி ஒரு பொது நிதி ஏன் இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி.

அது வர்ற வரைக்கும் அவங்கவங்க ஏற்பாடுதான். பாலிசி பிடிஎஃப், அசிஸ்டன்ஸ் நம்பர், பாஸ்போர்ட் காப்பி, முதலாளி அல்லது எச்ஆர் போன் நம்பர், சாப்பிடற மருந்து லிஸ்ட், இந்த அஞ்சையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பின் பண்ணி வைங்க. ஊர்ல ஒருத்தர் கையில பிரிண்ட் இருக்கட்டும். உங்களால பேச முடியாத நிலையில உங்களுக்காக இங்கிலீஷ்ல அசிஸ்டன்ஸ் டாக்டர்கிட்ட யார் பேசுவாங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. கொண்டு வர்றதுன்னு முடிவானா, அங்கேயுள்ள டாக்டர்கிட்டேர்ந்து முழு மெடிக்கல் ரிப்போர்ட், இங்கே ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து 'பெட் இருக்கு, சேர்த்துக்கறோம்'னு கடிதம், ஏர்லைன்ஸோட மெடிஃப் படிவம் மூணும் வேணும். மெடிஃப்க்கு பொதுவா ரெண்டு மூணு நாளாவது முன்னாடி கொடுக்கணும். அங்கே ஆஸ்பத்திரி பாக்கி இருந்தா அதுக்கு ஒரு உத்தரவாதக் கடிதமும் கேப்பாங்க, அதை இன்சூரன்ஸ் கம்பெனியோ முதலாளியோ கொடுக்கணும்.

அடுத்த வீடியோவுல மூணு டிராவல் பாலிசியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு எவாக்குவேஷன் பிரிவை மட்டும் வரி வரியாப் படிக்கப் போறோம். உங்க கம்பெனி பாலிசியில என்ன போட்டிருக்குன்னு எச்ஆர்கிட்ட கேட்டு கமெண்ட்ல எழுதுங்க, கம்பெனி பேர் வேண்டாம்.